எந்த வாசலைத் தட்டுவான்?

இளைஞன் ஒருவனின் மனத்துயர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வருவதில்லை. வயிற்று வலியாக வரும். கல்லூரிக்குப் போகமாட்டேன் என்னும் பிடிவாதமாக வரும். உம்மா கேட்ட சாதாரணக் கேள்வி ஒன்றுக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் கோபமாக வரும். உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் படித்தவனல்லன், உளவியல் கற்றவனுமல்லன். ஆயினும் மஃரிபுக்குப் பின் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமரும் பழைய மாணவர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு, நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒரு செய்தியை எழுதத் துணிகிறேன்.

அவர்களுள் ஒருவன் மேல்நிலைத் தேர்வில் இயற்பியலில் தவறியவன். வாப்பா தம்மாமில், வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கைகளும். வயிற்று வலி என்றான். மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்; அது உண்மை. டியூஷன் ஆசிரியர் அடிப்படை போதாது என்றார், அதுவும் உண்மை. ஆலிம்சா தலையைத் தடவி, ஓதிய தண்ணீர் கொடுத்தனுப்பினார். அந்தக் கை தன் தலையில் இருந்த சிறிது நேரம் நிம்மதியாக இருந்தது என்று பின்னாளில் அவனே என்னிடம் சொன்னான். ஆக, பார்த்தவர் எல்லாரும் தத்தம் பங்கைச் சரியாகவே பார்த்தார்கள். ஆனால், நான்கு மாதங்களாக அவன் பஜ்ருக்கு முன் கண்ணயர்ந்ததே இல்லை என்பதையும், தேர்வுக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் வாப்பா கடன் வாங்கிய செய்தி அவன் காதில் விழுந்திருந்தது என்பதையும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் நாள்தோறும் வந்து போயிற்று என்பதையும் எவரும் கேட்கவில்லை. உடம்பும் படிப்பும் கடனும் அச்சமும் ஒரே முடிச்சாக இறுகிக் கிடந்தன.

இப்படி முழு மனிதனாகப் பார்ப்பது மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று சிலர் கருதுகிறார்கள். பல்கு நகர்ப் பகுதியில் பிறந்து கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற தம் நூலில் உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்துக்கு ஒரு பகுதியும் வகுத்து, ஒன்று நலிந்தால் மற்றொன்றும் நலியும் என்று காட்டியிருக்கிறார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் புலப்படாமல் உடலின் கோளாற்றிலிருந்து எழுவது மற்றொன்று. முன்னதற்குப் பேச்சும் சிந்தனையும், பின்னதற்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்பது அவர் கருத்து. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலோடு, பிறர் வாயிலாக வரும் அறிவுரையும் தேவை என்பதை அவர் மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்த நூலைப் பற்றி நம் மேடைகளில் பெருமை பேசுவோர் உண்டு. அதன்படி ஓர் அறை திறந்தவர் எத்தனை பேர்?

நம் ஊர்களில் முன்பு இதற்கென ஆட்கள் இருந்தார்கள் என்பதும் மெய்யே. வாப்பாவிடம் சொல்ல முடியாததை மாமாவிடம் சொல்லலாம். உம்மாவுக்கு அஞ்சும் பெண் மாமியின் மடியில் அழலாம். கடல்தாண்டிய பிழைப்பு அந்த ஆண்களைக் கொண்டுபோயிற்று. தனித்தனி வீடுகள் அந்தப் பெண்களைப் பிரித்தன. ஆனாலும் பழையதை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு மனமில்லை. மாமியின் மடியில் சிந்திய கண்ணீர் அஸருக்குள் நான்கு தெருக்களுக்குப் பரவியதும் உண்டு. அன்புக்கு நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை. இரகசியம் காப்பதற்குத்தான் பஞ்சம். ஒருவர் நம்பிச் சொன்ன சொல் அமானத் என்று படித்த நாம், கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் அதை மறந்துவிடுகிறோம். ‘அந்தப் பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டினார்களாமே’ என்ற ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு மட்டுமல்லாமல் அவள் தங்கைக்கும் வரன் நின்றுபோகும்.

அந்த மாணவனின் உம்மாவிடம், இவனுக்குக் கவுன்சிலிங் தேவைப்படுகிறது என்று நான் சொன்னபோது, “இவன் மார்க்குக்கு எந்தக் கவுன்சிலிங்கில் சார் இடம் கிடைக்கும்?” என்று கேட்டார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை என்பது ஒன்றே பொருள்! விளக்கிச் சொன்னதும் முகம் மாறியது. உள்ளூரில் வேண்டவே வேண்டாம் என்றார். ஆகவே இரண்டு பேருந்து மாறி மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றேன். மனநலப் பிரிவின் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தார். உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்தான். மகளோடு வந்திருந்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஊரிலிருந்து ஒரே துயரத்தோடு வந்த இரண்டு குடும்பங்கள், ஒன்றையொன்று காணாததுபோல் இரண்டு மணி நேரம் அங்கே இருந்தோம். மருத்துவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். மருந்தும், வாரந்தோறும் பேச்சும், தூங்கும் முறையில் சில மாற்றங்களும் சொன்னார். தவறிய பாடத்தை ஓராண்டு காத்திராமல் அதே கோடையில் எழுத நம் மாநிலம் வழிவகுத்திருக்கும் துணைத் தேர்வைப் பற்றி அந்த ஆலோசகர்தான் அவனிடம் விரிவாகப் பேசினார். தேர்வு முறையில் செய்யும் ஒரு சிறு மாற்றம்கூட உயிர்காக்கும் ஏற்பாடாகலாம் என்பதை அன்று உணர்ந்தேன்.

அவ்வரிசையின் காட்சிதான், ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ‘ஹெட்ஸ்பேஸ்’ நிலையங்களைப் பற்றிப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது. 12 வயது முதல் 25 வயது வரையுள்ளோர்க்கு உரியவை அவை. மனநலம், உடல்நலம், போதைப் பழக்கத்திலிருந்து மீட்சி, படிப்பு-வேலை வழிகாட்டல் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். வேலை விண்ணப்பம் எழுதக் கற்க வருபவனும், தூக்கமின்றித் தவிப்பவனும் ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள். யார் எதற்கு வந்தார் என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. எல்லா உதவியும் ஓரிடத்தில் என்பது வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றே முதலில் நினைத்தேன். அது மறைவுக்கும் ஏற்பாடு என்பது பிறகே புரிந்தது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 2009இல் ‘சாட்’ என்னும் இளைஞர் மனநலப் பணி தொடங்கி, அதன் இடத்தை மருத்துவமனை வளாகத்தில் வைக்காமல், ஆர்ச்சர்டு பகுதியில் இளைஞர் கூடும் ஒரு கட்டடத்தில் அமைத்தார்கள். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்த வயதுப் பிள்ளை தானாக நடந்து வரக்கூடிய இடமாக அது இருக்கவேண்டாமா?

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னையில் ‘ஸ்நேகா’ 1986 முதலும், இலங்கையில் ‘சுமித்ரயோ’ 1974 முதலும், பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே மனமுடைந்தோரின் பேச்சைக் கேட்டு வருகின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் காணாமல், கடும் மன அழுத்தத்திலிருந்தவராகக் கருதவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவருள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் வழிகாட்டியது. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் மாநிலமெங்கும் உள்ளன. அவற்றின் நிர்வாகிகள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

மறைத்து வைப்பதன் விலை எவ்வளவு என்பதற்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களுக்கும் உம்மாவும் வாப்பாவும் இருந்தார்கள். அவர்களுள் எத்தனை பேருடைய நோய் இளவயதில், ஒரு வயிற்று வலியாகவோ உறக்கமின்மையாகவோ தொடங்கியதோ!

இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததென்று தெரிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயக் கடமை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலும் ஆலோசகர் வாய்மூடி இருக்கலாகாது. நல்ல ஆலோசகர் இதை முதல் நாளே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துப் பின் மீறுவதைவிட, எதைச் சொல்லவேண்டி வரும் என்பதை முன்னரே அறிவிப்பது அமானத்துக்கு நெருக்கமானது.

எங்கள் முஹல்லாவில் மதரசாவின் மாடியில் நெடுநாள் பூட்டிக்கிடந்த அறை ஒன்று உண்டு. அதைக் கேட்டு ஜமாஅத்துக்கு எழுதினேன். மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில், தொழுகை சரியாக இருந்தால் இதெல்லாம் எதற்கு என்றார் பெரியவர் ஒருவர். காய்ச்சலுக்கு நாம் மருந்து சாப்பிடுகிறோமே என்று இளம் ஆலிம் ஒருவரே விடை சொன்னார். இரண்டாவது கூட்டம் முழுவதும் பெயர்ப்பலகையைப் பற்றியே போயிற்று. மனநல ஆலோசனை என்று எழுதவேண்டும், எதற்கு வெட்கம் என்றனர் இளைஞர். எழுதினால் ஒருவரும் படியேறமாட்டார்கள் என்றேன் நான். இறுதியில் ‘கல்வி - வேலை - உடல்நலம்: வழிகாட்டும் அறை’ என்று முடிவாயிற்று. திங்களும் வியாழனும் அஸருக்குப் பின் ஆண் பிள்ளைகள். சனிக்கிழமை முற்பகல் பெண் பிள்ளைகள். ஊரார் எவரும் ஆலோசகராக அமரக்கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரும், பெண் பிள்ளைகளுக்கென ஒரு பெண்மணியும் வர இசைந்திருக்கிறார்கள். தெருப்பக்கப் படிக்கட்டு இருக்கட்டும், சந்துப்பக்கம் இன்னொன்று வைக்கலாம் என்று கொத்தனார் அளவெடுத்துப் போயிருக்கிறார். வருபவர்களின் பேருந்துச் செலவை ஜமாஅத் ஏற்பதா, சந்தா திரட்டுவதா என்பது அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.