அடித்தளமும் கூரையும்

கற்பது எதற்காக? கற்றவர் தாம் இன்புறுவதற்கா, கல்லாதார்க்கு வழிகாட்டுவதற்கா? இவ்வினா பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்து அறிஞரிடையேயும் எழுந்தது.

அந்நகரின் நோட்டர்டாம் பேராலயத்தில் பாடற்குழுத் தலைவராக விளங்கியவர் பீட்டர். 1197ஆம் ஆண்டில் மறைந்த அவர், திருமறைக் கல்வியை ஒரு கட்டடத்திற்கு ஒப்பிட்டார். நூலை ஓதிப் பொருள் காண்பது அடித்தளம். ஐயங்களை வாதிட்டுத் தெளிவது சுவர். மக்களுக்கு மறையுரை ஆற்றுவதே கூரை என்றார்.

அக்கால அறிஞர் விவிலியச் சொற்களுக்கு நால்வகைப் பொருள் கண்டனர். எருசலேம் என்பது நேர்ப்பொருளில் யூதரின் நகரம். உருவகப் பொருளில் திருச்சபை. ஒழுக்கப் பொருளில் மனித ஆன்மா. மறுமைப் பொருளில் விண்ணக நகரம். இத்துணை நுட்பமும் இலத்தீன் ஏடுகளில் உறைந்து கிடந்தது. உழவரும் கைவினைஞரும் அம்மொழி அறியார். அவர்கள் செவிவழியாகவே மறையை அறிந்தனர். உரைப்பவர் பொருளைப் பிழைபடக் கொண்டால், கேட்போரும் பிழைபட நேரும். அவர் வாய் திறவாவிடில், மறைநூல் இருந்தும் அவர்க்கு இல்லாததே.

இதனை உணர்ந்தே, 1215ஆம் ஆண்டில் உரோமையில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், மறையுரைக்குத் தக்கவரை ஆயர்கள் அமர்த்த வேண்டும் என்றது. தலைமைப் பேராலயங்களில் குருமார்க்குத் திருமறை கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்றும் விதித்தது.

கூரையில்லா வீட்டில் மழை புகும். அடித்தளமில்லா வீடோ உள்ளிருப்போர் மேலேயே சரியும். ஆழக் கற்பதும் எளிதாக எடுத்துரைப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள். ஆசிரியப் பணிக்கும் இது பொருந்துமன்றோ?