சும்மா இல்லை சித்தி

நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து ஏழு மாதம். என்னுடையது, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை கூடாது. கணவருக்காக நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு (ஐ-140) ஒப்புதலானால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதியே 2015 மே மாதம்தான் அமலுக்கு வந்தது. ஐ-765 படிவம் அனுப்பிவிட்டு தினமும் நிலவரம் பார்க்கிறேன். மாறுவேனா என்கிறது.

முதல் மாதம் முழுக்க அடுப்படிதான். இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்காது; ஓவன் விளக்கை எரியவிட்டு உள்ளே வைக்கணும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எட்டு வருஷம் கோடிங் எழுதியவளுக்கு மாவு பொங்கியதுதான் அந்த மாதச் சாதனை!

இப்போது செவ்வாய்தோறும் நூலகத்தில் ஆங்கில உரையாடல் வட்டம். கொரிய அம்மா ஒருவருக்கு நான்தான் பேச்சுத்துணை.

"சும்மாதானே இருக்கே?" என்று கேட்கும் சித்தி, செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் கூப்பிடாதீங்க. இங்கே அப்போது காலை, நூலகத்தில் இருப்பேன்.