அரோரா அவென்யூவில் மூன்று மைல்

2004 நவம்பரில் அம்மா சியாட்டிலுக்கு வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தாள். அப்போது என்னிடம் கார் கிடையாது. நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் வரும் ஷோர்லைன் என்ற ஊரில், அரோரா அவென்யூவை ஒட்டி, ஒரு பழைய அபார்ட்மெண்டில் குடியிருந்தோம். வாடகை குறைவு. 358-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் நேராக டவுன்டவுனில் போய் இறங்கலாம். வேலைக்குப் போய்வர அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அம்மா வந்த முதல் சனிக்கிழமை முள்ளங்கி வாங்கப் போனோம். அரோராவில் ஒரு கொரியாக்கார அம்மா நடத்திய மளிகைக்கடை முக்கால் மைல் தூரத்தில் இருந்தது. ஐந்து லேன் சாலை. அதன் ஓரம் எது, கடைகளின் பார்க்கிங் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தார் அப்படியே கடைவாசல் வரைக்கும் ஓடும். எந்த இடத்திலிருந்தும் கார் உள்ளே திரும்பும், எந்த இடத்திலிருந்தும் வெளியே வரும். மழை வேறு. அம்மா ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் ஜாக்கெட்டைப் பற்றிக்கொண்டு, ஜல்லியிலும் சேற்றிலும் மாறி மாறிக் கால் வைத்து நடந்தாள். ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏய்யா, இந்த ஊருல மனுசங்க நடக்கவே மாட்டாகளா?"

அந்த ஊரில் மூன்று வருடமாக அதே வழியில் நடந்துகொண்டிருந்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

இருபது வருடம் கழித்து, 2024 நவம்பரில், ஒரு வேலையாக மறுபடியும் சியாட்டில் போயிருந்தேன். ஒருநாள் முழுசாகக் கையில் இருந்தது. அரோராவை நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

358 இப்போது இல்லை. 2014 பிப்ரவரியிலிருந்து அதன் இடத்தில் ராப்பிட்ரைடு ஈ லைன் என்ற சிவப்பு பஸ் ஓடுகிறது. நம் மாவட்டம் போன்ற கவுண்டியிலேயே அதிகக் கூட்டம் ஏறும் தடங்களில் இது ஒன்று. காலை ஒன்பது மணிக்கும் நின்றுகொண்டுதான் போனேன். ஹோட்டல் சீருடையில் இரண்டு பெண்கள், சக்கர நாற்காலியில் ஒருவர், ஸ்பானிஷில் போன் பேசிக்கொண்டே தூங்கிப்போன ஓர் இளைஞர்.

1932-இல் திறந்த உயரமான பாலத்தைத் தாண்டி, உட்லேண்ட் பூங்காவை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது சாலை. பூங்காவுக்குள் ஹைவே போகலாமா என்று ஊரே 1930-இல் சண்டை போட்டது. போகலாம் என்ற பக்கம்தான் ஜெயித்தது. அன்றைக்கு இது சாதாரணத் தெரு இல்லை. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரைக்கும் போன 99-ஆம் எண் நெடுஞ்சாலை. வெளியூர்க்காரர்கள் காரிலேயே வந்து தங்க மோட்டல்கள், அவர்கள் கண்ணில் படும்படி பெரிய நியான் பலகைகள், பெட்ரோல் பங்க்குகள், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் ஓட்டல்கள். பிட்டர் லேக் ஏரிக்கரையில் பிளேலேண்ட் என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்காகூட 1930 முதல் 1961 வரை நடந்தது.

1960-களில் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஐ-5 என்ற அதிவேகச் சாலை வந்தது. வெளியூர்க் கார்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. மோட்டல்கள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன. பயணிகள் தங்கிய அறைகளில், வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் வாரக் கணக்கில் வாடகை கொடுத்துத் தங்கினார்கள். பழைய கார் விற்பவர்கள், அடகுக்கடைகள், சூதாட்ட விடுதிகள் வந்தன. கார்களுக்காகக் கட்டிய சாலையில், கார் இல்லாதவர்கள் வந்து தங்கினார்கள். ஆனால் அவர்கள் நடக்க ஓர் அடி இடம்கூட யாரும் ஒதுக்கவில்லை. அரோராவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நெஞ்சில் உறுத்தும்.

130-ஆம் தெருவிலேயே வேண்டுமென்று இறங்கிக்கொண்டேன். அங்கிருந்து 145 வரைக்கும் சியாட்டில் நகரத்தின் பகுதி. நம்ப முடியவில்லை: பல இடங்களில் இன்னும் பிளாட்பாரம் இல்லை. அதே ஜல்லி, அதே குட்டை, சாலையும் பார்க்கிங்கும் ஒன்றோடொன்று கலந்த அதே தார். கையில் பையோடு எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர், ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று, கார் வருகிறதா என்று தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். இருபது வருடம் முந்தைய என் நடை அப்படியே அவரிடம் இருந்தது.

145-ஆம் தெரு சிக்னலைத் தாண்டினால் ஷோர்லைன். தாண்டிய உடனேயே காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஷோர்லைன் தனி நகரமாக ஆனதே 1995-இல்தான். அதற்கு முன் கவுண்டியின் பொறுப்பில் கிடந்த புறநகர். சொந்தமாக நகராட்சி வந்ததும் மக்கள் கையில் எடுத்த பெரிய காரியங்களில் முக்கியமானது அரோரா. 1998-இல் திட்டம் போடத் தொடங்கினார்கள். தெற்கு எல்லையிலிருந்து வடக்கே 205-ஆம் தெரு வரை மூன்று மைல். முதல் மைல் 2007-இல் முடிந்தது. கடைசித் துண்டு முடிய 2010-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. மொத்தச் செலவு சுமார் 14 கோடி டாலர். பெரும்பகுதி மத்திய, மாநில, கவுண்டி மானியங்களாக வந்தது. ஐம்பதாயிரம் பேர் சொச்சம் இருக்கும் ஓர் ஊர், ஒரே சாலைக்காக இத்தனை வருடம் விடாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

என்ன செய்தார்கள்? நடுவில் இருந்த பொது டர்னிங் லேனை எடுத்தார்கள். எதிரெதிர்த் திசையில் வரும் இரண்டு கார்கள் ஒரே லேனுக்குள் நுழைந்து நேருக்கு நேர் நிற்கும் லேன் அது. அந்த இடத்தில் மரம் வைத்த டிவைடர் வந்தது. குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இடதுபுறம் திரும்பவும் யூ-டர்ன் போடவும் வழி விட்டார்கள். இரண்டு ஓரங்களிலும் பஸ்ஸுக்கு ஒரு லேன். கடைக்குள் திரும்பும் கார்களும் அதில் வரலாம், நேராகப் போகிற கார் வரக் கூடாது. மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தார்கள். கடைவாசல்களை அளவாக வெட்டி, மற்ற இடத்தில் கரைக்கல் கட்டினார்கள். அப்புறம் பிளாட்பாரம். இரண்டு பேர் பேசிக்கொண்டே போகலாம், எதிரே தள்ளுவண்டியில் குழந்தை வந்தால் ஒதுங்காமலே கடக்கலாம். பிளாட்பாரத்துக்கும் சாலைக்கும் நடுவில் செடி வைத்த ஒரு பட்டை. அந்தப் பட்டை ரொம்ப முக்கியம். லாரி இறைக்கும் தண்ணீர் செடியோடு போய்விடுகிறது.

இதையெல்லாம் வரவேற்று யாரும் மாலை போடவில்லை. டிவைடர் வந்தால் எதிர்ப்பக்கத்து வாடிக்கையாளர் திரும்ப முடியாமல் போய்விடுவார் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். சங்கம் வைத்து எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள். அந்தப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். நாளுக்கு நாற்பது பேர் வரும் கடையில் ஐந்து பேர் குறைந்தால் அது அந்த மாத வாடகை. சாலை வேலை நடக்கிற வருடங்களில் ஆரஞ்சு டிரம்களுக்கு நடுவே கடை இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். நன்மை வருவதற்கு முன்னால் நஷ்டத்தைத் தாங்கியவர்கள் அவர்கள்.

160-ஐத் தாண்டியிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. ஒரு செடிப் படுகையின் பக்கத்தில் குடையோடு நின்றேன். கரைக்கல்லில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டுவிட்டிருந்தார்கள். சாலைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே ஓடி வந்தது. மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம், ஒரு சிகரெட் துண்டு, கறுப்பு மண். வெட்டின் வாயில் போட்டிருந்த கூழாங்கற்களில் மோதி வேகம் குறைந்து, மரப்பட்டைத் தூளுக்கு அடியில் நுழைந்து, கோரைப்புல் தூர்களுக்குள் மெதுவாக இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் படலம் புல்லடியில் தேங்கி நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் உள்ளே போனது.

இதன் அருமை இந்த ஊர்க்காரர்களுக்கே 2020-இல்தான் முழுசாகப் புரிந்தது. கடலிலிருந்து முட்டையிட ஓடைக்கு ஏறி வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த மறுநாள் முட்டையிடாமலே செத்து மிதப்பதைப் பல வருடமாகப் பார்த்து வந்தார்கள். டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, 6பிபிடி-குவினோன் என்ற விஷமாகிறது என்பதை வாஷிங்டன் மாநில ஆராய்ச்சியாளர்கள் அந்த வருடம் கண்டுபிடித்தார்கள். டயர் தேயும்போது அது சாலையில் படிகிறது. மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. மண்ணும் மட்கும் கலந்த படுகையில் அந்தத் தண்ணீரை ஒருமுறை இறங்கவிட்டால் மீன் பிழைத்துக்கொள்கிறது. அரோராவில் செடி வைத்தவர்களுக்கு அந்த ரசாயனத்தின் பெயர் தெரியாது. சாலைத் தண்ணீரைக் கழுவாமல் ஓடையில் விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

175-ஆம் தெருவுக்குப் பக்கத்தில் பழைய செங்கல் சாலையின் ஒரு துண்டை வைத்திருக்கிறார்கள். அரோராவுக்கும் முந்தியது; 1910-களில் வடக்கே போக இருந்த ஒரே நல்ல சாலை. செங்கற்களின் விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கிறது, இடுக்கில் பாசி. குனிந்து தொட்டுப் பார்த்தேன், ஈரத்தில் வழவழவென்று இருந்தது. அதே காலத்தில், 1910 முதல் 1939 வரை, சியாட்டிலிலிருந்து எவரெட் ஊருக்கு மின்சார ரயில் ஓடியது. அந்தத் தடத்தில்தான் இப்போது அரோராவுக்குப் பக்கவாட்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்கிறார்கள். அரோராவின் குறுக்கே அதற்கு ஒரு நடைபாலமும் உண்டு. ரயிலுக்காகக் குடியேறிய ஊர், ரயிலை விட்டுக் காருக்குப் போய், எண்பத்தைந்து வருடம் கழித்து மறுபடி ரயிலுக்கு வந்திருக்கிறது: 2024 ஆகஸ்டில் ஷோர்லைனில் இரண்டு லைட் ரயில் நிலையங்கள் திறந்திருக்கிறார்கள், ஐ-5 ஓரமாக.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது இன்னும் பெரிய சாலைதான். பஸ் லேன்களைச் சேர்த்தால் முன்பைவிட அகலம். சிக்னலில் குறுக்கே கடக்கும்போது, வேகமாக நடக்கும் எனக்கே நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கியது. இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். சாலையைச் சீர்படுத்தியதும் ஊர் மறுநாளே வந்துவிடவில்லை. பிளாட்பாரம் போட்டு எத்தனையோ வருடம் அதன் எதிரே காலி பார்க்கிங்தான் இருந்தது. சியர்ஸ் கடை இருந்த பழைய ஷாப்பிங் வளாகத்தில் இப்போதுதான் வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் வரிசை சரியானது என்று நினைக்கிறேன். முதலில் நடக்க வழி, பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூரை, கட்டடங்கள் பிறகு. நம் ஊரில் பணம் வந்தால் முதலில் கட்டடத்தைக் கட்டுவோம்.

பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று தன் நிலத்தைக் கொடுக்க, அதில் வருமானம் குறைந்தவர்களுக்கு 60 வீடுகளும் கீழே உணவு வங்கியும் கட்டியிருக்கிறார்கள், அரோராவிலிருந்து ஒரு தெரு தள்ளி. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று மைல் முழுக்க இப்படி இன்னும் பத்துக் கட்டடம் வேண்டும். மற்ற புது அபார்ட்மெண்டுகளின் பலகையில் போட்டிருந்த வாடகையைப் பார்த்தேன். 2004-இல் நான் வாங்கிய சம்பளத்துக்கு இந்தச் சாலையில் இன்றைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அழுக்கான தகரக்கூரைக் கடைகளும் ஒழுகும் வீடுகளும் இருந்ததால்தான் என்னைப் போல் புதிதாய் வந்தவர்கள் அங்கே காலூன்ற முடிந்தது. அவற்றை எடுப்பவர்கள் அந்த மனிதர்களுக்கு வேறு எந்த வாசலைத் திறந்து வைக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது.

200-ஆம் தெரு பஸ் நிலையத்தில் நடை முடிந்தது. சிவப்புக் கூரையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ் நான்கு நிமிடத்தில் என்று பலகை காட்டியது. ஊரில் அப்போது விடிகாலை. அம்மா எழுந்து காபி போட்டிருப்பாள் என்று கூப்பிட்டேன். எண்பத்தொரு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"அம்மா, அரோராவுல இருக்கேன். நம்ம பழைய ரோடு."

"எந்த ரோடு?"

"சேத்துல நடந்தமே, முள்ளங்கி வாங்க. இப்ப பிளாட்பாரம் போட்டுட்டாங்கம்மா. அந்தக் கடைசி வரைக்கும் நடந்தேன். செருப்புல மண்ணு ஒட்டல."

"போட்டுட்டாகளா? நல்லாருக்கட்டும். நடக்குறவுக வாழ்த்துவாக." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கொரியாக்கார அம்மா இருக்காளாய்யா? எனக்கு ரெண்டு முள்ளங்கி சும்மா குடுத்தாளே."

இல்லையம்மா, கடை இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடி வீடு என்று சொன்னேன்.

"அப்ப அவ எங்க போனா?" என்றாள்.