விரல் பார்க்க வந்தவர்

கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரில் எல்லாம் இருந்தது, நாயனச் சத்தத்தைத் தவிர. சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்து ஊரே கிறங்கிப்போனது என்று படிக்கிறோம். கோபுலு ஆட்களைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். வாசிப்பை மட்டும் அவரவர்தான் மனசுக்குள் வாசித்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகருக்கு அது டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியாக இருந்திருக்கும். திருநெல்வேலிக்காரருக்குக் காருகுறிச்சி அருணாசலமாக இருந்திருக்கும். ஒரே கதைக்குள் எத்தனை நாயனங்கள்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது அத்தனையும் போய், மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம் ஒன்றே நிலைத்துவிட்டது. கதையைப் படமாக்கினால் இந்த இழப்பு உண்டு. அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்பதை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில்தான் பார்த்தேன்.

கீற்றுக் கொட்டகை, மணல் தரை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கு விற்பவர் வந்துவிடுவார். அன்று பெஞ்சு டிக்கெட்டில் எங்கள் கோயில் நாதஸ்வர வித்வான் உட்கார்ந்திருந்தார். சினிமாவுக்கே வராதவர். வெள்ளை வேட்டி, பட்டை விபூதி. பக்கத்தில் அவருடைய தவில்காரர். திரையில் சிவாஜி கணேசன் வாயில் சீவாளியை வைத்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தவில்காரர், படத்தில் தவில் வாசிக்கும் பாலையாவின் கையைப் பார்த்தார். வித்வான் சிவாஜியின் விரல்களை. பத்மினி ஆடும்போதுகூட அவர் கண் நாயனத்தை விட்டு நகரவில்லை. அவருடைய விரல்கள் தொடை மேல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஏழு துளைகளும் அங்கே இருப்பது போலவே இருந்தது.

வாணவேடிக்கை தொடங்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்ப, சண்முகசுந்தரம் கோபத்தில் வாசிப்பை நிறுத்துகிற இடம் வந்தது. "அதான் சரி" என்றார் வித்வான் உரக்க. எத்தனை திருவிழாக்களில் அவருக்கே அது நடந்திருக்குமோ.

விளக்கு எரிந்தபோது கேட்டேன்: "ஐயா, சிவாஜி நெஜமாவே வாசிக்கிறாரா?"

"வாசிக்கல தம்பி. ஆனா விரல் பொய் சொல்லல. மூச்சு எங்க எடுக்கணுமோ அங்கதான் எடுக்கறாரு, பாத்துக்க."

நாவலில் இருந்த இன்னின்னது படத்தில் இல்லை என்று கணக்குப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு இந்தப் பதில்தான் ஞாபகம் வரும். இரண்டு தடித்த பாகங்களை ஒரு இரவுக் காட்சியில் அடக்கினால் கிளைக்கதைகள் போகத்தான் செய்யும். நாயனக்காரனின் கர்வமும், அந்தக் கர்வத்துக்குப் பின்னால் இருக்கிற சாதகமும் போகக்கூடாது. அவை போகவில்லை.

1939-இல் கல்கியின் 'தியாகபூமி' விகடனில் வந்த விதத்தை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அங்கே கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் காட்சிகளே தொடருக்குப் படங்களாக அச்சாயின. வாசகருக்குக் கதையின் நாயகர் சம்பு சாஸ்திரி தொடக்கத்திலேயே பாபநாசம் சிவனின் முகத்தோடுதான் வந்தார். புதுமையான ஏற்பாடுதான். ஆனாலும் தனக்கென்று ஒரு சம்பு சாஸ்திரியை உருவாக்கிக்கொள்ளும் சுகம் அந்த வாசகருக்குக் கிடைக்காமல் போயிற்றே என்று எனக்கு வருத்தம். மோகனாம்பாள் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள். பல வருஷம் தங்கள் நாயனத்தைக் கேட்டுவிட்டு, பிறகு சேதுராமன் - பொன்னுசாமியையும் கேட்டார்கள்.

மோகனாம்பாள் படம் வந்த பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அதில் வரும் 'நலந்தானா' பாட்டை வாசிக்கச் சொல்லிச் சீட்டு வராத நாளில்லை. வித்வான் மறுக்க மாட்டார். சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு தோடியை எடுப்பார். அவசரமே படமாட்டார். பாட்டுக்காகக் காத்திருந்த கூட்டம் எழுந்து போகாமல் அந்தத் தோடியை முழுக்கக் கேட்டது.