நடுக்களம் இல்லாத ஆட்டம்

ஒரகடம் பக்கம் பொட்டி தட்டுற எனக்கு காலேஜ்ல ரூம்மேட்டா இருந்தவன், இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில ஷிப்ட் இன்ஜினியர். அண்ணா யுனிவர்சிட்டி ஜோனல் மேட்ச்ல எங்க டீமோட மிட்ஃபீல்டர். பந்து அவன் கால்ல இருந்தா, நாங்க வெளியில உக்காந்து நிம்மதியா டீ குடிக்கலாம். அப்படி ஒரு ஆளு.

2016 ஜூலைல நேரு உள்விளையாட்டரங்கத்துல பிரீமியர் ஃபுட்சால் நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? ரொனால்டினோ, கிக்ஸ், ஸ்கோல்ஸ், ஃபுட்சால் உலகத்தோட ராஜா ஃபால்காவ்.. எல்லாரும் வந்தாங்க. பெங்களூரை கோவா 7-2னு அடிச்ச மேட்ச்ல ரொனால்டினோ மட்டும் 5 கோல். அதைப் பாத்துட்டு நம்மாளு சொன்னது: "மச்சி, இதுல மிட்ஃபீல்டுன்னு ஒரு இடமே இல்லடா."

வாஸ்தவம் தான். கணக்கு போட்டுப் பாருங்க. பெரிய கிரவுண்டு 105க்கு 68 மீட்டர். 22 பேருக்குப் பிரிச்சா தலைக்கு சுமார் 324 சதுர மீட்டர். ஃபுட்சால் கோர்ட் 40க்கு 20. பத்து பேருக்குப் பிரிச்சா தலைக்கு வெறும் 80. பந்தை வாங்கி, திரும்பி, யோசிச்சு பாஸ் குடுக்குறதெல்லாம் இங்க நடக்காது. பின்னாடி ஃபிக்ஸோ, ஓரத்துல ரெண்டு ஆலா, முன்னாடி பிவோ. நாலு பேரும் இடம் மாறிக்கிட்டே இருக்கணும். பந்து வெளிய போனா 4 செகண்டுக்குள்ள உதைச்சு உள்ள அனுப்பணும்.

நம்மாளு அடுத்த ரெண்டு வருஷம் இதையே கத்துக்கிட்டான். ஷூவோட அடியால பந்தை அமுக்கி நிறுத்துறது, பாக்காமலே பாஸ் குடுக்குறது.. ஹாஸ்டல் காரிடார்ல ராத்திரி பூரா டொக் டொக்னு சத்தம்.

ஆனா பிரீமியர் ஃபுட்சால் 2017 சீசனோட முடிஞ்சு போச்சு. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அதை அங்கீகரிக்கவே இல்ல. சம்மேளனமே நடத்துற கிளப் போட்டி 2021 நவம்பர்ல தான் டெல்லில ஆரம்பிச்சுது. முதல் கோப்பை டெல்லி எஃப்.சி.க்கு. 2023 அக்டோபர்ல இந்திய அணி துஷான்பே போய் ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று ஆடுச்சு. எல்லாம் நல்ல விஷயம் தான். ஆனா ஒரு வாரம் பத்து நாள் போட்டியை நம்பி வருஷம் பூரா எப்படிங்க சாப்பிடுறது?

போன வருஷம் வெளிமாநில கிளப் ஒண்ணு அவனைக் கூப்பிட்டுச்சு. மூணு வாரம் ஆட்டம். புது வேலைல இன்னும் கன்ஃபர்ம் ஆகல, லீவு கிடையாதுன்னுட்டாங்க. அவங்க அப்பாவுக்கு ரிட்டயர் ஆக ஒரு வருஷம் தான் பாக்கி. போகல.

தைரியம் இல்லாதவன்னு அவனை யாரும் சொல்லிடாதீங்க. முதல் படி கண்ணுக்குத் தெரியுது, ரெண்டாவது படியே இல்லைன்னா எவன் கால் வைப்பான்? அந்தக் காலத்துல ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கின்னு வேலையும் குடுத்து டீமும் நடத்துனாங்க. அங்க ரெண்டாவது படி இருந்துச்சு.

எனக்கு ஒரு ஆசை. ஹேண்ட்பால் கோர்ட்டும் 40க்கு 20 தான், அதுலயே ஃபுட்சால் ஆடலாம். நம்ம ஏரியால எட்டு கம்பெனி சேந்து, மாசம் நாலு ஞாயித்துக்கிழமை லீக் நடத்துனா போதும். பஸ் இருக்கு, கேண்டீன் இருக்கு, ஆளும் இருக்காங்க.

கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிங்கப்பா. அவனுக்கு இப்பவே 28 ஆச்சு.