நகரின் எல்லையிலே ஓராண்டு

இங்கிலாந்து என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவது இலண்டன் மாநகரே. நான் தமக்கையார் இல்லத்தில் ஓராண்டு வாழ்ந்ததோ, உருக்குக்குப் பேர்போன ஷெபீல்ட் நகரின் தென்மேற்கு எல்லையிலுள்ள டோர் என்னும் ஊரில். பழைய ஆங்கிலத்தில் அப்பெயர் 'வாயில்' எனப் பொருள்படும். 1934 வரை டார்பிஷயருக்கு உரியதாயிருந்த அவ்வூர், பின்னரே நகரத்தோடு இணைக்கப்பட்டது.

நகர மையத்தில் பஸ் ஏறிச் சிறிது நேரத்திலே வீடுகள் கோடு கிழித்தாற்போல் முடிந்து, மேய்ச்சற்றரை தொடங்கிவிடும். சாந்தின்றிக் கல்லடுக்கிய மதில்கள் (நெடுந்தீவைக் கண்டவர்க்கு இது புதுமையன்று), அவற்றுள்ளே செம்மறிகள். ஆவணியிலே அப்பாலுள்ள மேட்டுநிலம் ஹெதர் என்னும் குறும்புதர் பூத்து ஊதா நிறங்கொள்ளும். எதெல் ஹேதோன்துவெயிற் என்னும் பெண்மணியாரும் அவரைச் சார்ந்தோரும் பல்லாண்டு உழைத்ததன் பயனாகவே, நகரசபை 1938இல் இப்பசுமை வளையத்தை ஏற்றுக்கொண்டது. அதனுள் வீடு கட்ட அனுமதி பெறுதல் மிக அரிது.

ஆகவே, உள்ள வீடுகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த என் மருமகன், ஆசிரியத் தொழிலில் அமர்ந்தும், நகரின் மறுபுறத்திலேதான் வீடு வாங்கினான். "ஆட்டுக்கு இடமுண்டு மாமா, எனக்குத்தான் இல்லை" என்றான். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை.

அத்தரைகளில் வீடுகள் எழுவதை நான் விரும்பேன். ஊருக்குள்ளே பெரிய வளவுகள் பல உள. அவற்றிற் சிறு வீடுகள் அமைக்கலாகாதா? மருமகனோ ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து, தாயாரை அழைத்துக்கொண்டு மேட்டுநிலத்துக்கு நடந்து செல்கிறான்.