மணி பிளான்ட் தொட்டி மாற்றியதும் வாடுகிறதா? தண்ணீர்ச் சொம்பைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

தொட்டி மாற்றிய மூன்றாம் நாளே மணி பிளான்ட் இலைகள் தொங்கிவிட்டால் நம்மில் பலரும் முதலில் செய்வது, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவதுதான். மறுநாளும் தொங்கினால் இன்னொரு சொம்பு. மண் ஈரமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் வாடுகிறது என்ற கேள்வி அந்த அவசரத்தில் வருவதில்லை. நாமகிரிப்பேட்டையில் ஒரு வீட்டு மருமகளுக்கும் வரவில்லை.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் ஊர் அது. நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். விவசாயிகளுக்கோ மஞ்சள் ஏலம்தான் நினைவுக்கு வரும். விரலி, உருண்டை, பனங்காலி என்று ரகம் பிரித்து மூட்டைகள் வந்து இறங்கும். ஊரைச் சுற்றி மஞ்சளும் குச்சிக்கிழங்கும்தான் அதிகம். அந்த மருமகளின் மாமியாரும் மஞ்சள் காட்டிலேயே காலத்தைக் கழித்தவர்.

மருமகள் வளர்த்த மணி பிளான்ட் கடையில் வாங்கியது இல்லை. ஆத்தூரில் அவருடைய அம்மா வீட்டு டி.வி. ஸ்டாண்டு மேல், ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த கொடி. கல்யாணமாகி வரும்போது அதிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இப்போது அம்மா இல்லை. அந்த வீடும் கைமாறிவிட்டது. இந்தச் செடி போனால், திரும்பிப் போய் இன்னொரு துண்டு கிள்ளி வர இடமில்லை.

நான்கு வருடம் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த செடிக்கு, அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மண்ணில் நிற்காமல் அப்படியே கீழே ஓடியது. தொட்டி மாற்றவேண்டிய நேரம் என்பது சரிதான். ஆனால், நன்றாக வளரட்டும் என்று கடையில் இருந்ததிலேயே பெரிய தொட்டியாக வாங்கினார். காட்டு மண்ணை அப்படியே அள்ளி நிரப்பினார். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினார். இரண்டாவது வாரத்தில் இலைகள் வரிசையாக மஞ்சளாகின. தண்டின் அடி கொழகொழவென்று ஆனது.

மாமியார் வந்து விரலால் மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார்.

"தெனமும் தண்ணி ஊத்தறயா கண்ணு?"

"வாடிக் கெடக்குதுங்க அத்தை, அதனாலதான்."

"மஞ்சக் காட்டுல தண்ணி கட்டி நின்னா என்னாகும்? கெழங்கு அழுகும். அப்பவும் பயிரு வாடித்தான் நிக்கும். தண்ணியில்லாம வாடறதும் தண்ணி மிஞ்சி வாடறதும் கண்ணுக்கு ஒண்ணாட்டந்தான் இருக்கும். மண்ணத் தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

தொட்டிச் செடிக்கும் இது அப்படியே பொருந்தும். வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, சுவாசிக்கவும் செய்கிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அதற்குத் தேவையான காற்று இருக்கிறது. அந்த இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பியே இருந்தால் வேர் மூச்சுத்திணறிச் செத்துவிடும், அழுகல் நோயும் சேர்ந்துகொள்ளும். அதிலும் தொட்டி மாற்றும்போது, தண்ணீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்கள் நிறைய அறுந்துவிடுகின்றன. அவை மறுபடி முளைக்கும்வரை செடியால் அதிகம் குடிக்க முடியாது. இலை தொங்குவது அதனால்தான். குடிக்க முடியாத நேரத்தில் மேலும் மேலும் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும்.

பெரிய தொட்டியின் பிரச்னையும் இதுதான். வேர் எட்டாத இடத்து ஈரத்தைக் குடிக்க ஆளில்லை. அது நாள் கணக்கில் அப்படியே தேங்கி நிற்கும். பழைய தொட்டியைவிட ஒன்று, இரண்டு அங்குலம் மட்டுமே அகலமான தொட்டி போதும்.

மாமியார் செடியை முழுதாக வெளியே எடுக்கச் சொன்னார். விதைக்கிழங்கு பொறுக்குவது போலத்தான் வேலை நடந்தது. அழுகியதைத் தள்ளி, கெட்டியாக இருந்ததை மட்டும் எடுத்து வைத்தார்கள். நல்ல நிலையில் நான்கு தண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இலைக்குக் கீழே கணு இருக்கும்படி பார்த்து வெட்டினார்கள். குச்சிக்கிழங்கு நடும் ஊரில் கணுவின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மணி பிளான்ட்டிலும் புது வேரும் புதுத் துளிரும் கணுவிலிருந்துதான் வரும். வெறும் இலையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் கொடி வராது.

கணு தண்ணீரில் மூழ்க, இலை வெளியே இருக்க, நான்கும் பாட்டிலுக்குப் போயின. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினார் மருமகள். ஒன்று அழுகிவிட்டது. மற்ற மூன்றிலும் சில வாரங்களில் வெள்ளையாக வேர் விட்டது. இப்போது இரண்டு தொட்டியிலும் ஒன்று பாட்டிலிலுமாக இருக்கின்றன.

மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. அங்கே அது மரத்தைப் பற்றி ஏறும் கொடி. மரநிழலில் வளர்ந்த வழக்கத்தால்தான் வெளிச்சமான ஹாலில் சுகமாக இருக்கிறது. நம்மூர் நடு மதிய வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும். சேப்பங்கிழங்கு, சேனை எல்லாம் அதன் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம். சேனை நறுக்கும்போது கை அரிக்குமே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் மணி பிளான்ட்டிலும் உண்டு. வெட்டிய பிறகு கையைக் கழுவுங்கள். தவழும் குழந்தையும் நாய், பூனையும் இலையைக் கடிக்காத உயரத்தில் வையுங்கள்.

சரி, தொட்டி மாற்ற எது நல்ல காலம்? சித்திரை வெயில் தணிந்து, மஞ்சள் நடும் வைகாசி, ஆனி மாதங்களில் தொடங்கி மழைக்காலம் வரை செய்யலாம். செடி வேகமாக வளரும் நாட்களில் அறுந்த வேரும் சீக்கிரம் முளைக்கும்.

காட்டு மண்ணை மட்டும் போட்டால் தொட்டிக்குள் இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி மணல் என்று கலந்தால் பொலபொலவென இருக்கும். நார்க்கழிவை ஊறவைத்து, ஓரிரு முறை அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள். அதிலிருக்கும் உப்பு போய்விடும். தொட்டிக்கு அடி ஓட்டை கட்டாயம். மண் சரியாமலிருக்க ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். ஜல்லியை அடுக்கினால் தண்ணீர் வடியும் என்பது தவறான நம்பிக்கை. ஈரம் தேங்கும் மண் அந்த அளவுக்கு வேருக்குப் பக்கத்தில் ஏறி வருவதுதான் மிச்சம்.

பழைய தொட்டியின் பக்கங்களை லேசாகத் தட்டி, செடியை மண்கட்டியோடு எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். சுற்றிச் சுருண்ட வேரை விரலால் தளர்த்தி, கறுத்துக் கொழகொழத்ததை மட்டும் வெட்டுங்கள். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஒரே ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். வெயில் படாத, வெளிச்சமான ஓர் இடத்தில் வைத்து, இடத்தை மாற்றாமல் விடுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் வேண்டாம். அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் பயப்பட வேண்டாம். பல இலைகள் சேர்ந்து மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று ஆகி, மண் நாறினால் உடனே வெளியே எடுத்துப் பாருங்கள். பாட்டிலில் வேர்விட்ட துண்டை மண்ணுக்கு மாற்றினால் மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. அது தண்ணீரிலேயே வளர்ந்த வேர் என்பதால் முதல் ஓரிரு வாரம் மண்ணை லேசான ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

தொட்டி மாற்றும் அன்றைக்குக் கத்திரிக்கோலை எடுத்ததும் முதல் வேலையாக, கணுவோடு இரண்டு துண்டு வெட்டிவிடுங்கள். ஒன்றை உங்கள் வீட்டு பாட்டிலில் போடுங்கள். மற்றதை அக்காவுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். திருடி வைத்தால்தான் மணி பிளான்ட் செழிக்கும் என்று சொல்வார்கள். அதையெல்லாம் பார்க்காமல் கொடுங்கள். உங்கள் செடிக்கு ஏதாவது ஆனால், போய்க் கேட்டு வாங்க ஒரு வீடு இருக்கும்.